தெர்மாகோலை விடுங்கள், நம் வீட்டுப் பைப்பைப் பாருங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்காருங்கள். "வாத்தியார் மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு" என்று நினைப்பவர்கள் கடைசி பெஞ்சுக்குப் போய்விடலாம். ஆனால் அங்கேயும் கேட்கும். ஃபேன் ஓடாத வகுப்பில் அறுபது பேருக்குக் கேட்கிற மாதிரி முப்பத்திரண்டு வருஷம் கத்திப் பழகிய தொண்டை இது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று செய்திகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது, வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்ட அந்தப் பழைய படம், புது நக்கலோடு. நாற்பதுக்கு மேல் சிரிப்பு முகங்கள். அதில் ஒன்று என்னுடையது, மறைக்கவில்லை. இரண்டாவது, வரப்போகிற நம் சந்திப்பு விழாவுக்கான மேடை அலங்கார மாதிரிப் படம். மூன்றாவதை அனுப்பியவன் அதிகம் பேசாத பையன், படிக்கும்போதும் அப்படித்தான். ஏரிக்குப் போகிற கால்வாயைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். தண்ணீர் கறுப்பாக, மேலே சோப்பு நுரை, கரையில் ஒரு கொக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது. அதற்கு இரண்டே பதில்கள். ஒன்று கைகூப்பல். இன்னொன்று ரோஜாப்பூ போட்ட 'இனிய காலை வணக்கம்'.

அன்றைக்கு எனக்கு இட்லி இறங்கவில்லை. நாம் சிரிக்கிற விஷயமெல்லாம் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி நடக்கிறது. நாறுகிற விஷயம் வாசலில் ஓடுகிறது. முதலாவதைப் பார்த்துச் சிரிப்பதே இரண்டாவதைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான் என்று எனக்குப் பட்டது. அதனால் நீங்கள் ஃபார்வர்ட் செய்யும் விநோதச் செய்திகளையே இன்றைக்குப் பாடமாக எடுக்கிறேன். சிரித்துக்கொண்டே படியுங்கள். கடைசியில் வீட்டுப்பாடம் உண்டு.

செய்தி 1: தெர்மாகோல்

2017 ஏப்ரல் மாதம். மதுரைப் பக்கம் கடும் வறட்சி. வைகை அணையில் இருக்கிற கொஞ்சத் தண்ணீரும் ஆவியாகிவிடக் கூடாது என்று அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி நீரில் மிதக்கவிட்டார். திட்டச் செலவு 10 லட்சம் ரூபாய் என்று செய்திகள் வந்தன. அமைச்சரும் அதிகாரிகளும் கரையை விட்டு நகர்வதற்குள் காற்றடித்து அட்டைகள் கரைக்கு வந்துவிட்டன. மிச்சம் உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து இன்றுவரை மீம் போடும் பிள்ளைகளுக்கு அது அள்ள அள்ளக் குறையாத அட்சய பாத்திரம்.

அறிவியல் வாத்தியாராக ஒன்று சொல்ல வேண்டும். யோசனை முழுக்கப் பைத்தியக்காரத்தனம் இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் நீர்த்தேக்கம் ஒன்றில் 2015இல் 9.6 கோடி கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி முடித்தார்கள். முக்கிய நோக்கம் ஆவியாவதைத் தடுப்பதுகூட இல்லை. குடிநீரில் இருக்கும் புரோமைடும் குளோரினும் வெயில் பட்டுச் சேர்ந்தால் புரோமேட் என்ற கெடுதலான பொருள் உண்டாகும். அதைத் தடுக்கத்தான் நிழல். ஆவியாதல் குறைந்தது கூடுதல் லாபம். அந்தப் பந்துகள் காற்றில் பறக்கவில்லையே, ஏன்? ஒவ்வொரு பந்துக்குள்ளும் எடைக்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். நம் தெர்மாகோல் அட்டைக்குள் இருந்தது காற்று மட்டும்தான். அடர்த்தி பாடம் நினைவிருக்கிறதா? ஒன்பதாம் வகுப்பு. அன்றைக்கு விசிலடித்தவன் யார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

ஆக அமைச்சர் செய்தது பாதி அறிவியல். பாதி அறிவியலுக்கு நாம் எட்டு வருஷத்துக்கு மேல் சிரிக்கிறோம். சரி, சிரிப்போம். ஆனால் அவர் ஒரு அணையில், ஒரு நாள், தெர்மாகோல் போட்டார். நாம்?

செய்தி 2: குடிகார எலிகள்

அதே 2017. பீகாரில் மதுவிலக்கு. போலீஸ் பறிமுதல் செய்து ஸ்டேஷன்களில் வைத்திருந்த சாராயத்தில் 9 லட்சம் லிட்டருக்கு மேல் காணோம். கேட்டால், எலிகள் குடித்துவிட்டன என்று பதில். நாடே சிரித்தது. அதே ஆண்டு அங்கே வெள்ளம் வந்தபோது, கரையில் எலிகள் வளை தோண்டியதுதான் காரணம் என்று ஒரு மந்திரியே சொன்னார். ஆக பீகார் எலிக்குக் குடிக்கவும் தெரியும், குடித்துவிட்டு வேலைக்குப் போகவும் தெரியும்.

நான் கேட்கிறேன். சாராயத்தைக் குடித்தது எலி என்றால், நம் ஊர் ஏரிகளைக் குடித்தது யார்? அதற்கும் ஒரு எலியைப் பிடித்து வைத்திருக்கிறோம். கவுன்சிலர் என்று ஒரு எலி, அதிகாரி என்று ஒரு எலி, புரோக்கர் என்று ஒரு எலி. டீக்கடையில் நின்று இந்த எலிகளைத் திட்டிவிட்டு, பேப்பர் கப்பை ஓரமாய் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

செய்தி 3: காணாமல் போன பாலம்

2022 ஏப்ரல், மறுபடியும் பீகார், ரோத்தாஸ் மாவட்டம். அறுபதடி நீள இரும்புப் பாலம் ஒன்று திருட்டுப் போனது. நள்ளிரவில் இல்லை. நீர்ப்பாசனத் துறை ஆட்கள் என்று சொல்லிக்கொண்டு பட்டப்பகலில் ஜேசிபி, கேஸ் கட்டரோடு வந்து, இரண்டு மூன்று நாள் நிதானமாக அறுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊர்க்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கவர்மென்ட் வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

இதைப் பார்த்தவுடன் எல்லோரும் வடிவேலு கிணற்றைக் காணோம் என்று போலீசுக்கு வருகிற காட்சியைப் போட்டீர்கள். நல்ல பொருத்தம். ஆனால் சென்னையில் கிணறு இல்லை, ஏரியையே காணோம். நுங்கம்பாக்கம் ஏரியின் இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. 1920களில் மாம்பலம் ஏரியை வடித்துவிட்டுத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது. வியூவும் இல்லை, லேக்கும் இல்லை, ரோடு மட்டும் உண்டு. இவையும் பட்டப்பகலில்தான் நடந்தன. நாமும் கவர்மென்ட் வேலை நடக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டோம். அதன்பிறகு அங்கே போய் தீபாவளிக்குத் துணியும் எடுத்தோம்.

நம் பக்கம் இன்னும் மிச்சம் இருக்கிறது. அம்பத்தூர் ஏரி இருக்கிறது. கொரட்டூர் ஏரி இருக்கிறது. ரெட்டேரி இருக்கிறது. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிக்கு நடைபாதையும் படகும் வந்திருக்கின்றன, கூழைக்கடாக்கூட வருகிறது. பூந்தமல்லியைத் தாண்டினால் கடல் மாதிரி செம்பரம்பாக்கம். அம்பத்தூர் நிரம்பினால் கொரட்டூருக்கு, அங்கிருந்து ரெட்டேரிப் பக்கம் என்று ஒன்றுக்கொன்று கை கொடுத்து வைத்திருந்தார்கள் பெரியவர்கள். பம்ப் இல்லை, மோட்டார் இல்லை. மேடு எது பள்ளம் எது என்று பார்க்கத் தெரிந்த கண் மட்டும் இருந்தது. அந்தக் கால்வாய் வழியாகத்தான் இப்போது நாம் ஒன்றுக்கொன்று வேறு எதையோ அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

செய்தி 4: தண்ணீர் ரயில்

இதுதான் என்னைப் பொறுத்தவரை எல்லா விநோதங்களுக்கும் பெரியண்ணன். ஆனால் இதற்கு மட்டும் யாரும் மீம் போடுவதில்லை.

2019 கோடை. சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் ஏறக்குறைய வறண்டுவிட்டன. உலகப் பத்திரிகைகளெல்லாம் நம் ஊர்க் காலிக்குடங்களைப் படம் பிடித்துப் போட்டன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீரோடு ஒரு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. அங்கிருந்து கீழ்ப்பாக்கத்துக்குக் குழாயில் போனது.

அந்த ரயில் எந்த வழியாக வந்தது? அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம். நீங்கள் தினமும் தொங்கிக்கொண்டு போகிற அதே தண்டவாளம். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தாண்டி வந்த குடிதண்ணீர், அம்பத்தூர் ஏரியையும் கொரட்டூர் ஏரியையும் உரசாத குறையாகக் கடந்து போனது. சிறுவனாக இருந்தபோது என் அண்ணன் கொரட்டூர் ஏரித் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அதில் அவர் கால்கூட நனைக்கமாட்டார். தண்ணீர் ரயில் போன அன்று நான் கொரட்டூர் கேட் பக்கம் நின்றிருந்தேன். வேகன் வேகனாகப் போவதை நின்றவர்கள் எல்லோரும் செல்போனில் படம் எடுத்தோம். யாரும் திரும்பி ஏரியைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. 2015இல் இதே ஊர் மூழ்கியது. செம்பரம்பாக்கத்திலிருந்து டிசம்பர் 1ஆம் தேதி விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். நாலே வருஷத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ரயில் விட்டோம். மறுபடி நாலு வருஷத்தில், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில், அம்பத்தூர் தொழிற்பேட்டை நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. என் மாணவர்களில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் மோட்டாரைக் கழற்றி வெயிலில் காயவைத்தார்கள். ஒரே பாத்திரம் நிரம்பி வழிகிறது, காய்ந்து வெடிக்கிறது, மறுபடி வழிகிறது என்றால், குறை மழையில் இருக்காது, பாத்திரத்தில்தான் இருக்கும்.

இப்போது கணக்கு

மேலே படித்ததற்கெல்லாம் சிரித்துவிட்டீர்கள். பேனாவை எடுங்கள்.

நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நம் நாட்டில் பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் அளவு. அதில் ஐந்தில் நாலு பங்கு கழிவுநீராக வெளியே போகிறது என்றும் கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு, 4 பெருக்கல் 135 பெருக்கல் 0.8. விடை 432 லிட்டர். நாற்பது வீடு உள்ள ஒரு அப்பார்ட்மென்ட் ஒரு நாளில் வெளியே விடுவது 17,280 லிட்டர்.

அந்த அப்பார்ட்மென்ட்டின் கழிவு மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பீகார் எலிகள் குடித்ததாகச் சொன்ன 9 லட்சம் லிட்டரை அது எத்தனை நாளில் தாண்டும்? 53 நாளில். ஜோலார்பேட்டை ரயில் கொண்டுவந்த 25 லட்சம் லிட்டர் அளவு சாக்கடையை எத்தனை நாளில் ஏரியில் கொட்டும்? 145 நாளில். அதாவது ஒரே ஒரு அப்பார்ட்மென்ட், வருஷத்துக்கு இரண்டரை ரயில் சாக்கடையை ஏரிக்கு அனுப்புகிறது. கொடியசைக்க மந்திரி கிடையாது, டிவி கிடையாது, ராத்திரி பகலாகச் சத்தமில்லாமல் போகிறது இந்த ரயில்.

ஒரு லிட்டர் சாக்கடை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரை மட்டும் கெடுத்துவிட்டு நிற்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்று நம் பாட்டிகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். கழிவில் உள்ள சத்தைத் தின்று ஆகாயத்தாமரை பரவும், நீருக்குள் ஆக்சிஜன் குறையும், மீன் வாயைப் பிளந்து மேலே வரும். இது எட்டாம் வகுப்புப் பாடம். ரெகார்டு நோட்டில் படம் வரைந்து பத்துக்குப் பத்து வாங்கியவர்கள் இந்தக் குழுவில் இருபது பேர் இருக்கிறீர்கள்.

என் வீட்டுக் கதை

ஊருக்கு உபதேசம் என்று நினைக்காதீர்கள். முதல் குற்றவாளி நான்தான்.

1987இல் பி.எஃப். கடன் போட்டு நான் வாங்கிய மனை ஏரிப் பாசனத்தில் இருந்த நிலம். பத்திரத்தில் 'நஞ்சை' என்றே எழுதியிருக்கிறது. நெல் விளைந்த இடத்தில் கிரகப்பிரவேசம் செய்தேன். ஏரிக்காற்று வரும் என்று விற்றவர் சொன்னார். வந்தது, நன்றாகவே வந்தது. செப்டிக் டேங்க் கட்டினேன். பிள்ளைகள் பெரியவர்கள் ஆகி, மாடி கட்டி, வாஷிங் மெஷின் வந்தபோது டேங்க் அடிக்கடி நிரம்பியது. 1998 வாக்கில் ஒரு கொத்தனார் யோசனை சொன்னார். "சார், வாசல்ல மழைத்தண்ணி கால்வா போகுதே, ஒரு நாலு இஞ்ச் பைப்பு போட்டுட்டா ஜென்மத்துக்கும் கவலை இல்ல." நான் தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. திங்கட்கிழமை காலை வகுப்புக்குப் போய் நீர் மாசுபாடு பாடம் நடத்தினேன். படம் எல்லாம் போட்டு, மிக அழகாக நடத்தினேன்.

2015 டிசம்பரில் தண்ணீர் கால்வாயில் போக வழியில்லாமல் திரும்பியது. எந்த பைப் வழியாக நான் பதினேழு வருஷம் அனுப்பினேனோ அதே பைப் வழியாக என் ஹாலுக்கு வந்தது. நான் வாங்கி வைத்திருந்த நல்லாசிரியர் சான்றிதழ் ஷோகேஸின் கீழ்த்தட்டில் இருந்தது. அதைக் கழுவிக் காயவைத்தேன். எழுத்து அழியவில்லை. வாசம் போக மூன்று மாசம் ஆனது.

எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்ததும் முதல் ஆளாகப் பணம் கட்டி இணைப்பு வாங்கினேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், வந்து எட்டு மாசம் கழித்துத்தான் கட்டினேன். தெருவைத் தோண்டுவார்கள், வாசல் டைல்ஸ் உடையும் என்று தள்ளிப்போட்டேன். கடைசியில் வீட்டுக்காரி, "பாடம் மட்டும் நல்லா நடத்துவீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாள். மறுநாள் போய்க் கட்டிவிட்டேன். பழைய பைப்பின் வாயைச் சிமென்ட் வைத்து அடைத்தபோது கூடவே நின்று பார்த்தேன். இன்றும் எங்கள் தெருவில் கால் மணி நேரம் நடந்தால் கால்வாய்க்குள் எட்டிப் பார்க்கும் பைப்புகள் ஏழெட்டைக் காட்டுவேன்.

வரும் ஆட்சேபங்கள்

இதை எழுதும்போதே யார் யார் என்ன கமெண்ட் போடுவீர்கள் என்று தெரியும். அதனால் முன்கூட்டியே பதில்.

"சார், ஃபாக்டரிக் கழிவையும் அரசாங்கத்தையும் விட்டுட்டு ஏழை வீட்டுப் பைப்பைப் பிடிக்கிறீங்களே?" இல்லை ராஜா, யாரையும் விடவில்லை. கொரட்டூர் ஏரிக்காகச் சாதாரண குடியிருப்பவர்கள் சேர்ந்து மக்கள் இயக்கம் வைத்து வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள், வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. ஆலைக் கழிவையும் அதிகாரிகளின் தூக்கத்தையும் கேட்கிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் பக்கம் போய் நில்லுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அங்கே நிற்கும்போது, "உங்க வீட்டுச் சாக்கடை எங்கய்யா போகுது?" என்று ஒருவன் திருப்பிக் கேட்டால் வாயடைத்து நிற்கக் கூடாது. ஆலைக்காரருக்கும் அதிகாரிக்கும் மிக வசதியான விஷயம் எது தெரியுமா? கேள்வி கேட்கிறவன் வீட்டிலும் ஒரு நாலு இஞ்ச் பைப் இருப்பது. என்னால் பதினேழு வருஷம் கேள்வி கேட்க முடியாமல் போனதற்குக் காரணம் அந்தப் பைப்தான்.

"நம்ம ஜனங்க மாறவே மாட்டாங்க சார்." பொய். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினார்கள். முணுமுணுத்துக்கொண்டே தெருவெல்லாம் பிவிசி பைப் இறக்கினோம். அடுத்த மழைகளில் கிணற்றில் தண்ணீர் ஏறியதையும் பார்த்தோம். அரசு உறுதியாக நின்றது, நாமும் செய்தோம். இரண்டும் சேர்ந்தால் நடக்கும் என்பதற்கு நம் மொட்டை மாடியே சாட்சி. மஞ்சப்பை கதையும் அப்படித்தான். ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு வந்தால் பட்டிக்காட்டான் என்று சிரித்தோம். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே சொன்னது. இப்போது கல்யாணத் தாம்பூலத்துக்கு மஞ்சப்பைதான் கௌரவம். என்ன, அந்த மஞ்சப்பைக்குள் தேங்காயை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். பரவாயில்லை, பாதி பாஸ்.

"செலவாகும் சார்." ஆகும். நாற்பது வீடு சேர்ந்து போர்டிகோவில் கிரானைட் போடும்போது ஆகாத செலவா?

கடைசியாக ஒரு உறவினர் கதை. பெயர் சொல்லக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு. "என் தம்பியை ஃபேஸ்புக்குல போட்டு நாறடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். அதனால் பொதுவாகச் சொல்கிறேன். ஆவடிப் பக்கம் ஒரு குடியிருப்பு. வாசல் பெயர்ப்பலகையில் 'ஏரி' என்ற சொல் ஆங்கிலத்தில் பொன்னெழுத்தில் இருக்கிறது. வாரம் இரண்டு முறை கழிவுநீர் லாரி வருகிறது. எங்கே கொட்டுகிறார்கள் என்று செயலாளரைக் கேட்டேன். "அது எதுக்கு மாமா நமக்கு? பணம் குடுக்கிறோம், எடுத்துட்டுப் போறான்" என்றார். நான் ரசீது கேட்டேன். எந்த சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியது என்று ஒரு சீட்டாவது இருக்குமே? இல்லை. "ராத்திரி பதினொரு மணிக்கு மேல சீட்டெல்லாம் யார் மாமா குடுப்பாங்க?" என்று சிரித்தார். பீகார் பாலம் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. வேடிக்கை பார்த்த ஊர்க்காரர்களையும் சேர்த்துத்தான் அந்தத் திருட்டு.

வீட்டுப்பாடம்

ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பல் விளக்கியதும், உங்கள் வீட்டுக் கழிவுநீர் பைப் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். மூடியைத் திறந்து, கண்ணால். கொத்தனார் சொன்னார், அப்பா சொன்னார் என்ற விடைக்கு மதிப்பெண் இல்லை. கால்வாய்க்குப் போனால், தெருவில் பாதாளச் சாக்கடை இருந்தால் இணைப்புக்கு விண்ணப்பம் போடுங்கள். இல்லையென்றால் எப்போது வரும் என்று தெருவே சேர்ந்து எழுதிக் கேளுங்கள். எழுதித் தர நான் இருக்கிறேன். ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதித் தருவேன்.

இரண்டு. அப்பார்ட்மென்ட்டில் இருப்பவர்கள், அடுத்த கூட்டத்தில் பார்க்கிங் சண்டை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "லாரி எங்கே இறக்குகிறது, சீட்டு எங்கே?" சீட்டு தராத லாரிக்குப் பணம் இல்லை என்று தீர்மானம் போடுங்கள். என் மச்சினன் உட்பட.

மூன்று. நம் சந்திப்பு விழா. மேடை அலங்காரப் படம் பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா? பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு வளைவு, நடுவில் என் படம், சுற்றி 'அறிவுக் கடல்' என்று எழுத்துகள். அத்தனையும் தெர்மாகோல். அன்பு புரிகிறது, கண் கலங்கியது உண்மை. ஆனால் விழா முடிந்த மறுநாள் அந்த அறிவுக் கடல் எந்தக் கால்வாயில் மிதக்கும்? உடைந்து உடைந்து சிறு மணிகளாகி மீன் வயிற்றுக்குள் போகும். செல்லூர் ராஜு தெர்மாகோலைக் கரைக்குக் கொண்டுவர வைகையில் காற்றாவது அடித்தது. நம் கால்வாயில் அந்த உதவியும் கிடையாது.

ஆகவே என் நிபந்தனை. தெர்மாகோல் இருந்தால் நான் மேடை ஏறமாட்டேன். துணியில் எழுதுங்கள், கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், இரண்டு கேனும் எவர்சில்வர் டம்ளரும் போதும். விழாவை மண்டபத்தில் மத்தியானம் முடித்துக்கொண்டு, சாயங்காலம் எல்லோரும் ஏரிக்கரைக்குப் போவோம். அந்தக் கால்வாய்ப் படம் போட்ட பையன் வழிகாட்டட்டும். இத்தனை வருஷத்தில் அவனை நான் ஒரு முறைகூட லீடர் ஆக்கியதில்லை. இப்போது ஆக்குகிறேன்.

இதெல்லாம் செய்தால் ஏரி நாளைக்கே பளிங்காகிவிடும் என்று சொல்லவில்லை. நான் இருக்கும்வரை அந்தத் தண்ணீரை யாரும் கையால் அள்ளிக் குடிக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் பிள்ளைகள் கரையில் மூக்கைப் பொத்தாமல் நிற்க முடிந்தால் போதும். அடுத்த வறட்சிக்கு ரயிலுக்காகக் காத்திருக்காமல் பக்கத்தில் உள்ள தண்ணீரைச் சுத்தம் செய்து பயன்படுத்த முடிந்தால் போதும். அதற்கு ஏரி சாக்கடையாக இல்லாமல் ஏரியாக இருக்க வேண்டும்.

மீம் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. சிரிப்பு வராத ஊர் நல்ல ஊராக இருக்காது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள், அவ்வளவுதான்.

விடைகளைக் கமெண்டில் எழுதுங்கள். "சூப்பர் சார்", "அருமை சார்", கைகூப்பல், ரோஜாப்பூ ஆகியவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. "பார்த்தேன் சார், கால்வாய்க்குத்தான் போகுது" என்று உண்மையை எழுதுகிறவருக்கு நூற்றுக்கு முப்பத்தைந்து, பாஸ். மாற்றிவிட்டு வந்து எழுதுகிறவருக்கு நூறு. வாழ்க்கையில் நான் யாருக்கும் நூறு போட்டதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
அம்பத்தூர்.

பின்குறிப்பு: பதிவைப் படித்துவிட்டு மச்சினன் போன் செய்தால், நான் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறேன் என்று வீட்டில் சொல்வார்கள். சீட்டோடு நேரில் வந்தால் எழுப்பலாம்.